எம்-சாண்ட் வாங்கும் முன்: துகள் அளவு பார்க்கத் தெரியாமல் நான் மாட்டிக்கொண்ட கதையும், நீங்கள் செய்ய வேண்டியதும்

செங்கல்பட்டுப் பக்கம் 1,100 சதுர அடியில் ஒரு வீடு கட்டினேன். சிமெண்ட் எந்தக் கம்பெனி, கம்பி எந்தக் கம்பெனி என்று ஒரு மாதம் விசாரித்தவன், மணலை மட்டும் "ஒரு லோடு அனுப்புங்க" என்று போனில் சொல்லி வாங்கினேன். பூச்சு வேலை முடிந்த மூன்றாவது வாரம் இரண்டு அறைச் சுவர்களில் சிலந்தி வலை போல வெடிப்பு. தட்டினால் சில இடங்களில் பானையைத் தட்டும் சத்தம். சுமார் 700 சதுர அடிப் பூச்சைக் கொத்தி எடுத்து, குப்பையை அள்ளி, மறுபடி பூச 34,000 ரூபாய் போனது.

கொத்தனார் சிமெண்டைக் குறை சொன்னார். சிமெண்ட் கடைக்காரர் கொத்தனாரைக் குறை சொன்னார். மணலை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது: பி-சாண்ட் (பூச்சு வேலைக்கான மணல்) என்று எனக்கு வந்தது சலித்த கிரஷர் டஸ்ட், அதாவது ஜல்லி உடைக்கும்போது மிஞ்சும் கழிவு. அதே ஆள் அனுப்பிய எம்-சாண்டும் (கான்கிரீட்டுக்காகக் கல்லை உடைத்துத் தயாரிக்கும் மணல்) அந்த ரகம்தான். அந்த நேரத்தில் மாடித் தளம் போடவில்லை என்பது என் அதிர்ஷ்டம்.

முதல் முறையாக வீடு கட்டுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் பொறியாளர் இல்லை. பணம் கட்டிப் பாடம் படித்தவன்.

1. முதலில் இதைப் புரிந்துகொள்ளுங்கள்: துகள் சிறுத்தால் தண்ணீர் கூடும்

உப்புமாவுக்கு ரவையில் ஊற்றும் தண்ணீரை அதே எடை மைதாவில் ஊற்றிப் பாருங்கள். ரவை நனையும், மைதா கட்டிதட்டி இன்னும் தண்ணீர் கேட்கும். கலவையிலும் நடப்பது இதுதான்.

கணக்காகச் சொன்னால், ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கல் கட்டி ஒன்றின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே ஒரு மி.மீ. கட்டிகளாக உடைத்தால் மொத்த மேற்பரப்பு 60 சதுர சென்டிமீட்டர். 75 மைக்ரான் தூளாக்கினால் 800. (ஒரு மைக்ரான் என்பது ஒரு மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) கல் அதே கல்தான், எடையும் அதேதான். ஆனால் சிமெண்ட் பசை இந்த மேற்பரப்பு முழுவதையும் நனைத்துப் பூச வேண்டும். தூள் அதிகமானால் அதே சிமெண்டும் தண்ணீரும் போதாது, கலவை வறண்டு நிற்கும். உடனே கொத்தனார் என்ன செய்வார்? இன்னொரு குடம் தண்ணீர் ஊற்றுவார்.

அந்தக் குடத்தில்தான் பிரச்சினை. எம்20 என்ற பலத் தரக் கான்கிரீட்டைப் பெட்டி அளவில் கலந்தால் 50 கிலோ சிமெண்ட் மூட்டைக்கு அதிகபட்சம் 30 லிட்டர் தண்ணீர் என்கிறது ஐ.எஸ். 456, கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநூல். மணலில் ஏற்கெனவே இருக்கும் ஈரமும் இந்தக் கணக்கில் சேரும். அதற்கு மேல் ஊற்றும் தண்ணீர் கலவையை இளக்கிவிட்டுப் பின்னால் ஆவியாகிப் போகும். அது இருந்த இடம் ஓட்டையாக நிற்கும். பலம் குறையும். பூச்சு என்றால் காயும்போது சுருங்கி வெடிக்கும்.

அதற்காகத் தூளே இருக்கக்கூடாது என்றும் எண்ண வேண்டாம். ஒரு வாளி நிறையத் தேங்காயை அடுக்கினால் இடையில் இடைவெளி இருக்கும். அதில் எலுமிச்சை போகும், எலுமிச்சை இடுக்கில் கொண்டைக்கடலை, அதன் இடுக்கில் கடுகு. எல்லா அளவும் சரியான பங்கில் இருந்தால் இடைவெளி குறையும், அதை நிரப்ப வேண்டிய சிமெண்டும் குறையும். அளவுக்கு மீறிக் கழுவி, தூளே இல்லாமல் வரும் எம்-சாண்டில் கலவை சொரசொரவென்று நிற்கும். தண்ணீர் தனியாகப் பிரிந்து மேலே வரும். ஆகவே கேட்க வேண்டியது "தூள் இருக்கிறதா" என்பதை அல்ல. எந்த அளவுத் துகள் எத்தனை பங்கு என்பதை.

2. எந்த வேலைக்கு எது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்

எம்-சாண்ட் என்பது 4.75 மி.மீ. சல்லடைக்குக் கீழே வரும், உடைத்துத் தயாரித்த மணல். கான்கிரீட்டுக்கு இதுதான். கட்டு வேலைக்கும் பலர் இதையே போடுகிறார்கள். கொஞ்சம் சலித்துப் போட்டால் வரிசை மட்டமாக உட்காரும்.

பி-சாண்ட் பூச்சு வேலைக்கு. பொதுவாக 2.36 மி.மீ.க்குக் கீழே இருக்கும்.

கிரஷர் டஸ்ட் என்பது ஜல்லி உடைக்கும்போது மிஞ்சும் கழிவு. தரை நிரப்ப, பேவர் கல்லுக்குக் கீழே பரப்பப் பயன்படும். கான்கிரீட்டுக்கோ பூச்சுக்கோ வாங்காதீர்கள்.

மூன்றும் ஒரே மலையிலிருந்து வரும், ஒரே சாம்பல் நிறம்தான். எம்-சாண்ட் ஆலையில் ஜல்லியை மறுபடியும் வி.எஸ்.ஐ. என்ற இயந்திரத்தில் வேகமாக மோதவிட்டு, துகளின் கூர்முனைகளை உடைத்து ஓரளவு உருண்டையாக்குகிறார்கள். பிறகு தண்ணீரிலோ காற்றிலோ கூடுதல் தூளைப் பிரித்தெடுக்கிறார்கள். டஸ்டில் இந்த இரண்டு வேலையும் நடக்காது. துகள் தட்டையாக, ஊசி ஊசியாக இருக்கும், தூளும் அப்படியே தங்கிவிடும். விலையில் உள்ள வித்தியாசம் இந்த இரண்டு வேலைக்கானது. யாராவது சந்தை விலையை விட ரொம்பவும் குறைத்து எம்-சாண்ட் தருகிறேன் என்றால், எந்த வேலையை விட்டுவிட்டார் என்று கேளுங்கள்.

3. ஆர்டர் கொடுக்கும் முன் வாங்க வேண்டிய காகிதங்கள்

நான் ஒரு காகிதமும் வாங்கவில்லை. அதனால் தகராறு வந்தபோது "அது எங்க மணலே இல்ல சார்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். இரண்டாம் முறை இவை இல்லாமல் வண்டியை உள்ளே விடவில்லை:

பொதுப்பணித் துறைச் சான்று. தமிழ்நாட்டில் எம்-சாண்ட், பி-சாண்ட் ஆலைகளைப் பொதுப்பணித் துறை ஆய்வு செய்து சான்று கொடுக்கிறது. நகல் கேளுங்கள். எம்-சாண்டுக்கா பி-சாண்டுக்கா, எந்த ஊர் ஆலைக்கு, எந்தத் தேதி வரை என்ற மூன்றையும் பாருங்கள். இடைத்தரகர்கள் வேறு ஆலையின் சான்றை வாட்ஸ்அப்பில் அனுப்புவது சாதாரணம்.

நடைச்சீட்டு. வண்டியோடு வர வேண்டியது. வண்டி எண், தேதி, நேரம், அளவு, புறப்பட்ட இடம் இருக்கும். சான்றில் உள்ள ஆலையும் நடைச்சீட்டில் உள்ள ஆலையும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். இந்த ஒரு காரியத்தைச் செய்திருந்தாலே என் 34,000 மிஞ்சியிருக்கும். ஓட்டுநரிடம் கெஞ்ச வேண்டாம், போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் போதும்.

எடைச்சீட்டு. வெறும் வண்டி எடை, லோடு எடை இரண்டும் இருக்க வேண்டும்.

ஜி.எஸ்.டி. பில். அதில் "எம்-சாண்ட்" அல்லது "பி-சாண்ட்" என்ற சொல் இருக்கட்டும். வெறுமனே "மணல்" என்றோ "கட்டுமானப் பொருள்" என்றோ எழுதிய பில்லால் பின்னால் எதையும் நிரூபிக்க முடியாது. பில் இல்லாமல் வாங்கினால் வரி மிச்சம் என்று சொல்வார்கள். மிச்சம்தான், ஒன்றும் கெட்டுப்போகாத வரை.

4. லோடு வந்ததும் சாம்பிள் எடுப்பது எப்படி

ஆய்வகம் சரியாகச் சோதித்தாலும், தவறான இடத்தில் அள்ளிய சாம்பிளுக்குத் தவறான பதில்தான் வரும். என் முதல் சாம்பிள் அப்படித்தான் வீணானது.

டிப்பர் 40 கிலோமீட்டர் குலுங்கி வருகிறது. குலுங்கக் குலுங்கத் தூள் கீழே இறங்கும், பெரிய துகள் மேலே தங்கும். மேலே ஏறி ஒரு கை அள்ளிப் பார்த்தால் அருமையான மணல் போலத் தெரியும். கொட்டிய பிறகு நடப்பது வேறு: குவியலின் சரிவில் பெரிய துகள் உருண்டு அடிவாரத்துக்கு ஓடும், தூள் நடுவிலேயே நிற்கும். அடிவாரத்தில் அள்ளினாலும் ஏமாற்றம்தான்.

ஆகவே குவியலைச் சுற்றி எட்டு, பத்து இடங்களில், மேல், நடு, அடி என்று, முதலில் ஒரு சாண் ஆழம் தள்ளிவிட்டு உள்ளிருந்து ஒவ்வொரு கரண்டி எடுங்கள். மொத்தம் 20 கிலோ சேரட்டும். தார்ப்பாயில் கொட்டி நன்றாகப் புரட்டி, தோசை போலப் பரப்பி, நான்கு பங்காகக் கோடு போடுங்கள். எதிரெதிர்ப் பங்குகள் இரண்டைத் தள்ளிவிட்டு மீதி இரண்டைச் சேருங்கள். மறுபடியும் ஒருமுறை இப்படிச் செய்தால் 5 கிலோ மிஞ்சும். ஆய்வகத்தில் என்னிடம் கேட்டதும் அவ்வளவுதான். இரட்டைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, தேதி, வண்டி எண் எழுதுங்கள். பையில் ஓட்டை இருந்தால் முதலில் கசிவது தூள்தான், அதாவது நீங்கள் தேடும் சாட்சி.

முடிந்தால் ஆலைக்கே ஒரு நடை போய்வாருங்கள். அங்கே எடுத்த சாம்பிள் தேறிய பிறகு ஆர்டர் கொடுத்து, வந்த லோடில் கீழே சொல்லும் வீட்டுச் சோதனையை மட்டும் செய்வது உத்தமம்.

5. வீட்டிலேயே செய்யும் சோதனை: 500 கிராம், 75 கிராம்

உள்ளங்கையில் தேய்த்துப் பார்ப்பது, உருண்டை பிடித்துப் பார்ப்பது எல்லாம் சந்தேகம் வர உதவும், தீர்ப்புச் சொல்ல உதவாது. இது உதவும்:

பங்கு பிரித்த சாம்பிளில் கொஞ்சம் எடுத்து ஒரு பழைய இரும்புச் சட்டியில் ஈரம் முழுக்கப் போகும்வரை வறுங்கள். (தோசைக்கல்லைத் தொடாதீர்கள். அதற்காக நான் கேட்ட வசவு தனிக் கட்டுரை.) ஆறியதும் சமையலறைத் தராசில் சரியாக 500 கிராம் எடுத்து வாளியில் போட்டு, தண்ணீர் ஊற்றிக் கையால் நன்றாக அலசுங்கள். பெரிய துகள் அடியில் உட்கார்ந்ததும், அரிசி களைவது போலக் கலங்கிய தண்ணீரை மட்டும் மெதுவாக வடியுங்கள். தண்ணீர் தெளிவாகும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். டஸ்டாக இருந்தால் பத்து முறைக்கு மேலும் ஆகும். மிஞ்சியதை மறுபடியும் வறுத்து எடை போடுங்கள்.

குறைந்த எடைதான், ஏறத்தாழ, 75 மைக்ரானுக்குக் கீழே உள்ள தூள். உடைத்த கல் மணலுக்கு ஐ.எஸ். 383 (மணல், ஜல்லிக்கான இந்தியத் தரநூல்) அனுமதிக்கும் எல்லை 15 சதவீதம். 500 கிராமில் 75 கிராம். 75 மைக்ரான், 75 கிராம் என்று நினைவில் வைக்கச் சுலபம். என்னிடம் இருந்த எம்-சாண்டில் 98 கிராம் போனது, அதாவது கிட்டத்தட்ட 20 சதவீதம். ஆய்வகத்தில் 19 சதவீதம் என்று வந்தது. ஒரு சட்டியும் வாளியும் வைத்துச் செய்த சோதனைக்கு இந்த அளவு ஒத்துப்போனதே பெரிது.

இங்கே ஒரு பொறி. கண்ணாடிக் குடுவையில் மணலும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி, மேலே படியும் படலம் 8 சதவீதத்துக்கு மேல் இருந்தால் மணல் மோசம் என்று பல மேஸ்திரிகள் சொல்வார்கள். அது ஆற்று மணலில் வண்டல் பார்க்க வந்த வழக்கம். ஆற்று மணலில் படிவது பெரும்பாலும் களிமண், கொஞ்சம் இருந்தாலே கெடுதல். எம்-சாண்டில் படிவது கல் தூள்; அது பொலபொலவென்று உப்பிப் படியும், உள்ளதை விட அதிகமாகத் தெரியும். நல்ல எம்-சாண்டையும் குடுவை தோற்கடிக்கும். எடை போட்டே பாருங்கள். ஆனால் கலங்கிய தண்ணீர் சாம்பல் நிறமாக இல்லாமல் செம்மண் நிறமாக வந்தால், சதவீதம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த லோடு வேண்டாம். குவாரியின் மேல்மண் கலந்திருக்கிறது என்று அர்த்தம்.

6. ஆய்வகத்துக்குப் போவது: செலவும் நாளும்

பொறியியல் கல்லூரிகள், சில பாலிடெக்னிக்குகள், தனியார் பரிசோதனைக் கூடங்கள் இதைச் செய்கின்றன. தனியார் என்றால் என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் உண்டா என்று கேளுங்கள். "சல்லடைப் பகுப்பாய்வும், 75 மைக்ரான் கழுவல் சோதனையும்" என்று இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். சல்லடை மட்டும் என்றால் சில இடங்களில் காய்ந்த மணலை அப்படியே சலித்துவிடுவார்கள். பெரிய துகளின் மேல் ஒட்டிய தூள் கீழே விழாது, மணல் உள்ளதை விட நல்லதாகத் தெரியும்.

நான் இரண்டுக்கும் சேர்த்து ஒரு சாம்பிளுக்கு 1,400 ரூபாய் கொடுத்தேன். உங்கள் ஊரில் கூடக் குறைய இருக்கலாம். மணலை அடுப்பில் காயவைக்கவே ஒரு நாள் ஆகும், ஆகவே அறிக்கை கைக்கு வர மூன்று வேலை நாள் கணக்கிடுங்கள். தளம் போடும் தேதிக்குப் பத்து நாள் முன்னால் சாம்பிள் போயிருக்க வேண்டும். சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி, ஆட்களுக்குச் சொல்லிவிட்ட பிறகு அறிக்கை மோசம் என்று வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று மணல்காரருக்கு நன்றாகத் தெரியும்.

7. அறிக்கையை நீங்களே படியுங்கள்

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். நான் இங்கேதான் இரண்டாவது தடவை ஏமாறப் பார்த்தேன்.

ஒவ்வொரு சல்லடை வழியாகவும் எத்தனை சதவீதம் கீழே இறங்கியது என்று அறிக்கை சொல்லும். ஐ.எஸ். 383 மணலை நான்கு மண்டலங்களாகப் பிரிக்கிறது. ஒன்று பருமன், நான்கு நைசு. வீட்டுக் கான்கிரீட்டுக்கு இரண்டாம் மண்டலம் வசதி. நான்காம் மண்டல மணலைச் சோதித்துப் பார்க்காமல் கம்பிக் கான்கிரீட்டுக்குப் போட வேண்டாம் என்று அந்தத் தரநூலே சொல்கிறது.

இரண்டாம் மண்டலத்தின் எல்லைகள், கீழே இறங்கும் சதவீதமாக:

4.75 மி.மீ.: 90 முதல் 100
2.36 மி.மீ.: 75 முதல் 100
1.18 மி.மீ.: 55 முதல் 90
600 மைக்ரான்: 35 முதல் 59
300 மைக்ரான்: 8 முதல் 30
150 மைக்ரான்: 0 முதல் 10, உடைத்த கல் மணலுக்கு 20 வரை

அதோடு, கழுவல் சோதனையில் 75 மைக்ரானுக்குக் கீழே 15க்கு மிகக்கூடாது.

இனி என் வீட்டு எம்-சாண்டின் எண்கள், இதே வரிசையில்: 98, 82, 63, 46, 34, 27. கழுவலில் 19. அறிக்கையின் அடியில் பெரிய எழுத்தில் "மண்டலம் 2" என்று இருந்தது, பருமை எண் 2.5. மணல்காரர் அந்த வரியில் விரல் வைத்து, "பாருங்க சார், செகண்ட் ஜோன், சூப்பர் மணல்" என்றார். நானும் தலையாட்டிவிட்டேன்.

மண்டலத்தை முடிவு செய்வது 600 மைக்ரான் சல்லடை. 46 என்பது 35க்கும் 59க்கும் நடுவில் அழகாக உட்கார்ந்திருக்கிறது, அதனால் அந்த முத்திரை. ஆனால் அதற்குக் கீழே பாருங்கள்: 300இல் 34, எல்லை 30. 150இல் 27, எல்லை 20. கழுவலில் 19, எல்லை 15. தூள் பக்கம் மூன்றும் தோல்வி. 600 தவிர மற்ற சல்லடைகளில் ஐந்து சதவீதம் வரை விலகலாம் என்ற சலுகை தரநூலில் உண்டு. 34 அதில் தப்பிக்கும். 27 தப்பாது.

பருமை எண் என்பது ஒவ்வொரு சல்லடை வரையும் மொத்தமாகத் தங்கிய சதவீதங்களைக் கூட்டி நூறால் வகுத்து வரும் ஒற்றை எண். சராசரி போன்றது. ஒருவன் தலை அடுப்பிலும் கால் ஐஸிலும் இருந்தால் சராசரியில் அவன் சுகமாகத்தான் இருப்பான். என் மணலில் பருமனும் இருந்தது, தூளும் இருந்தது, நடுவில்தான் ஆள் குறைவு. 600க்கும் 150க்கும் இடையில் தங்கியது 19 சதவீதம் மட்டும்.

பிறகு வேறு ஆலையில் வாங்கிய மணல்: 97, 80, 60, 42, 24, 12. கழுவலில் 7. இதுவும் மண்டலம் 2, பருமை எண் 2.85. அதே 600 முதல் 150 வரையிலான இடைவெளியில் 30 சதவீதம். முதல் நான்கு எண்ணில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. கடைசி மூன்று எண்ணில் மொத்தக் கதையும் இருக்கிறது. அறிக்கையைக் கீழிருந்து மேலே படிக்கப் பழகுங்கள்.

8. பி-சாண்டுக்குத் தனி எச்சரிக்கை

பி-சாண்டில் ஏமாற்றுவது இன்னும் சுலபம். டஸ்டை 2.36 மி.மீ. சல்லடையில் போட்டுச் சலித்தால் தீர்ந்தது, பார்க்க நைசாக, பூச ஏற்றதாக இருக்கும். கொத்தனாருக்கும் பிடிக்கும், கரணையில் வெண்ணெய் மாதிரி வழுக்கும், மணியாஸ்கட்டை (பூச்சைத் தேய்த்து மட்டமாக்கும் கட்டை) சுகமாக ஓடும். அந்தச் சுகம்தான் அபாய அறிகுறி. தூள் அதிகமான கலவை தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, காயும்போது சுருங்கும்.

பூச்சு மணலுக்கு ஐ.எஸ். 1542 பாருங்கள். 600 மைக்ரானில் 80 முதல் 100, 300இல் 20 முதல் 65, 150இல் 15க்கு மிகாமல். என் பி-சாண்டில் 150 மைக்ரானில் 31 இறங்கியிருந்தது. எல்லையைப் போல இரண்டு மடங்கு.

முழு வீட்டுக்கும் பூசும் முன் பின்பக்கச் சுவரில் நான்குக்கு நான்கு அடி மட்டும் பூசி, ஒரு வாரம் தண்ணீர் காட்டி, இன்னொரு வாரம் காயவிட்டுப் பாருங்கள். இதற்கு ஆகும் செலவு அரை நாள் கூலி.

9. அளவில் ஏமாறாமல் இருக்க

ஒரு யூனிட் என்பது 100 கன அடி. டிப்பரின் உள்பக்க நீளம், அகலம், மணலின் உயரம் மூன்றையும் அடியில் பெருக்கி நூறால் வகுங்கள். 14க்கு 7 அடித் தொட்டியில் 4 அடி மணல் என்றால் 392 கன அடி, நாலு யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. நடுவில் கோபுரம் போலக் குவித்திருந்தால் அதை மட்டப்படுத்திவிட்டு அளக்கச் சொல்லுங்கள். வெளிப்பக்கம் டேப் பிடிக்க விடாதீர்கள்.

துகள் அளவு இங்கேயும் வந்து நிற்கும். லேசாக ஈரமான மணலில் ஒவ்வொரு துகளையும் தண்ணீர்ப் படலம் தள்ளி வைப்பதால் மணல் உப்பும். கால் பங்கு வரைகூட உப்பும். நைசு மணல் இன்னும் அதிகம் உப்பும். எடையில் வாங்கினால் தண்ணீருக்குக் காசு கொடுப்பீர்கள், அளவில் வாங்கினால் காற்றுக்கு. இரண்டையும் வைத்துச் சரிபார்ப்பதே வழி: காய்ந்த நல்ல எம்-சாண்ட் ஒரு யூனிட் ஏறத்தாழ நாலரை முதல் ஐந்து டன். நாலு யூனிட் என்று சொல்லி எடைச்சீட்டில் 15 டன் மணல்தான் இருக்கிறது என்றால் உப்பல் அல்லது குறை அளவு, இரண்டில் ஒன்று.

உப்பலை நேராகவும் அளக்கலாம். ஒரு நேரான கண்ணாடிப் பாத்திரத்தில் ஈர மணலைத் தளர்வாகப் போட்டு உயரம் குறியுங்கள். கொட்டிவிட்டுப் பாத்திரத்தில் பாதித் தண்ணீர் எடுத்து, அதே மணலைப் போட்டுக் கிளறி அடங்கவிடுங்கள். 20 சென்டிமீட்டர் 16 ஆனால் உப்பல் 25 சதவீதம். பெட்டி அளவில் கான்கிரீட் கலக்கும்போதும் இதே எண் வேண்டும்; இல்லையென்றால் ஒவ்வொரு கலவையிலும் மணல் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தே விழும்.

10. வந்த பிறகு

மண் தரையில் கொட்டாதீர்கள். கீழே தார்ப்பாய் விரித்து, மேலேயும் மூடுங்கள். ஒரு நல்ல மழை போதும், குவியலின் மேலிருந்த தூள் முழுவதும் அடியில் போய் உட்கார்ந்துவிடும். பிறகு முதல் கலவை ஒரு மாதிரியும் கடைசிக் கலவை வேறு மாதிரியும் வரும். அள்ளும்போது மேலிருந்து அடிவரை ஒரே வெட்டாக வெட்டி அள்ளச் சொல்லுங்கள்.

தளம் போடும் அன்று அதே கான்கிரீட்டில் பலம் சோதிக்க ஆறு கியூப் (கனசதுரக் கட்டி) எடுக்கச் சொல்லுங்கள்: மூன்று ஏழாம் நாளுக்கு, மூன்று 28ஆம் நாளுக்கு. ஒவ்வொரு லோடிலும் எடுத்த சாம்பிளில் ஒரு கிலோவைப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, வண்டி எண்ணும் தேதியும் ஒட்டி, நடைச்சீட்டுப் படத்தோடு சேர்த்து வையுங்கள். 28ஆம் நாள் அறிக்கை வரும்வரை பாட்டிலைக் கழுவ விடாதீர்கள். எங்கள் வீட்டில் ஒன்று கழுவப்பட்டு, இப்போது அதில் துவரம்பருப்பு இருக்கிறது.